தாமல் ஏரிக்கு ஒரு கேமரா

புடவைக் கடையில் வேலை பார்ப்பவனுக்கு வாடிக்கையாளர்கள் மேல் ஒரு ரகசிய இளக்காரம் இருக்கும். வெளியே காட்ட முடியாது, காட்டினால் வேலை போய்விடும். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் பல வருஷமாகப் பாயில் உட்கார்ந்து புடவை விரித்துப் போட்டவன் நான். கல்யாணப் புடவை எடுக்க வருகிற குடும்பம் அலமாரியில் இருப்பதையெல்லாம் பாய்க்கு இறக்கச் சொல்லும். இதே உடம்பு வேறு பார்டரில் இல்லையா என்று கேட்கும். இதே பார்டர் வேறு உடம்பில் இல்லையா என்றும் கேட்கும். கடையின் டியூப் லைட்டை ஒருவரும் நம்பமாட்டார்கள். புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்ததும், முதலில் விரித்துப் போட்ட புடவையையே கட்டித்தரச் சொல்வார்கள். நான் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு உள்ளுக்குள் சிரிப்பேன். அத்தனை சிரிப்புக்கும் சேர்த்து ஒரு கேமரா என்னைப் பழி வாங்கியது.

கேமரா எனக்கில்லை, என் மனைவிக்கு. அவள் பெண்கள் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ வகுப்புக்குத் தாவரவியல் எடுப்பவள். அவள் பாடத்தில் வாலிஸ்னேரியா என்று ஒரு தண்ணீர்ச் செடி வரும். ஏரியின் அடியில் வளரும் புல் மாதிரியான செடி. பெண் பூ நீளமான காம்பில் தண்ணீரின் மேல்மட்டம் வரை ஏறி வந்து மிதக்கும். ஆண் பூக்கள் பொடிப்பொடியாக அடியிலிருந்து கழன்று, மேலே வந்து அதைத் தேடிப் போகும். வேலை முடிந்ததும் பெண் பூவின் காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, காயைத் தண்ணீருக்கடியில் இழுத்துக்கொண்டு போய்விடும். கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணை ஊருக்கு அழைத்துப் போவது போல என்று நான் சொல்வேன். வகுப்பில் இதையெல்லாம் சொல்ல முடியாது என்று அவள் முறைப்பாள்.

இந்தச் செடியை அவள் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டாள். அவள் பிறந்தது தாமலில், விவசாயக் குடும்பம். கிணற்றிலும் ஏரியிலும் நீந்தி வளர்ந்தவள். சின்ன வயதில் தாமல் ஏரியில் முங்கிக் கண்ணைத் திறந்து இந்தச் சுருளைப் பார்த்திருக்கிறாள். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் பாசி. கல்லூரியில் ஆசிரியர் கரும்பலகையில் படம் வரைந்தபோதுதான் அந்தப் பாசிக்குப் பெயர் உண்டென்று அவளுக்குத் தெரிந்ததாம்.

ஒரு நாள் வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். "எங்க ஊர் ஏரியில நானே பாத்திருக்கேன்" என்று இவள் சொன்னதும் அவர் எழுந்து, புத்தகத்தில் இருப்பதை மட்டும் நடத்துங்கம்மா, கதையெல்லாம் வேண்டாம் என்றாராம். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து எந்தப் பாடம் எடுத்தாலும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வருமாம்: "இதுவும் உங்க ஏரியிலயா டீச்சர்?"

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. கோபப்படக்கூட இல்லை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "நான் சொன்னா அதுங்க நம்பணும். இல்லனா நான் எதுக்கு அங்க நின்னுக்கினு பேசறேன்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு போட்டோ வேணும். தண்ணிக்குள்ள" என்றாள்.

நான் தெருக்குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவன். குளம் என்றால் கோயிலில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிடுவதற்கு என்றே நினைத்திருந்தவன். கரையிலிருந்தே எடுக்கக்கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன். அவள் வெண்டைக்காயை இன்னும் கொஞ்சம் வேகமாக நறுக்கினாள்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து, காய்ந்து கிடந்த தாமல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்திருந்தது. தை பிறந்து, வண்டல் அடங்கி, தண்ணீர் தெளிந்திருக்கிறது என்று அவள் தம்பி போனில் சொன்னான். தாமலிலேயே நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பவன் அவன். கூடவே இன்னொன்றும் சொன்னான். நடவுக்கு மதகு திறக்கப்போகிறார்களாம். தண்ணீர் இறங்கத் தொடங்கினால் மாடு உள்ளே போகும், வலைக்காரர்கள் வருவார்கள், அப்புறம் ஏரி முழுக்கச் சேறுதான். மறுபடி எந்த வருஷம் நிரம்புமோ. வருகிற ஞாயிற்றுக்கிழமையை விட்டால் இல்லை.

கேமராவை யார் வாங்குவது என்று பேச்சு வந்தபோது அவள் என்னைப் பார்த்தாள். "பொருளப் பாத்து எடுக்கிறதுதானே உங்க தொழிலு" என்றாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திவிட்டேன். நிமிர்த்திய பிறகு குனிய முடியவில்லை.

கடைக்கு வார விடுமுறை வந்த அன்று சென்னை பஸ் ஏறினேன். கேமராக் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெரு. டிஜிட்டல் கேமரா அப்போது எங்கள் ஊருக்குப் புதுசு. கல்யாண வீடுகளிலேயே பாதிப் பேர் இன்னும் ஃபிலிமில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏசி போட்ட முதல் கடையில் நுழைந்து, தண்ணீருக்குள் எடுக்கிற மாதிரி சின்னதாக ஒரு டிஜிட்டல் கேமரா வேண்டும் என்றேன். கண்ணாடிமேல் இரண்டு வகை வந்து உட்கார்ந்தது. ஒன்று, அப்படியே தண்ணீரில் முக்கலாம், சோப்புக்கட்டி மாதிரி வழவழப்பு. இன்னொன்று சாதாரணக் கேமரா, அதற்குத் தனியாக ஒரு கனத்த கண்ணாடி உறை. உறைக்குள் கேமராவை வைத்துப் பூட்டி, வெளியே இருக்கும் பொத்தான்களை அழுத்தி எடுக்க வேண்டும்.

அதன் பிறகு என் வாயிலிருந்து வந்த கேள்விகளை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. இதே கேமரா வேறு கலரில் இருக்கிறதா என்றேன். இந்த உறைக்குள் அந்தக் கேமரா போகுமா என்றேன். அந்தக் கேமராவில் இந்தத் திரை வருமா என்றேன். இன்னும் காட்டுங்கள், இன்னும் காட்டுங்கள் என்று கண்ணாடிமேல் இடமில்லாமல் அடுக்க வைத்தேன். மெகா பிக்ஸல் என்றால் என்ன என்று தெரியாமலே, அதிகமாக உள்ளது எது என்றேன், ஜரிகை கனத்தைக் கேட்பதுபோல. எதிரே நின்ற விற்பனையாளரின் முகம் ரொம்பச் சாதுவாக இருந்தது. அந்தச் சாது முகத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். நானே தினமும் போட்டுக்கொள்ளும் முகம்.

அவர் ஆழத்தைப் பற்றி ஆரம்பித்தார். சோப்புக்கட்டி மூன்று மீட்டர் போகும், உறை போட்டது நாற்பது மீட்டர் போகும் என்றார். நாற்பது மீட்டர் என்றால் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தில் பாதிக்கு மேல். அவ்வளவு ஆழத்துக்கு என் மனைவி போவதாகக் கற்பனை செய்ததுமே ஏசியில் எனக்கு வியர்த்தது. அவ்வளவு ஆழம் தாமல் ஏரியில் கிடையாது, தோண்டினால்தான் உண்டு என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. இன்னும் ஆழம் போவது இருக்கிறதா, பாதுகாப்புக்கு, என்று கேட்டேன்.

பள்ளியில் சாப்பாட்டு மணி அடித்திருக்கும் நேரம் பார்த்து அவளுக்குப் போன் போட்டேன். நாற்பது மீட்டர் உறுதி, ஐம்பதும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"எவ்ளோ ஆழம் போவும்னு கேட்டுக்கினு நிக்காதீங்க. நான் நிக்கப்போறது மார்பளவு தண்ணி. எவ்ளோ கிட்ட போய் எடுக்கலாம்னு கேளுங்க" என்றாள்.

"கிட்டயா?"

"ஏரித் தண்ணி கண்ணாடி இல்லீங்க. ஒரு முழம் தள்ளிப் போனா எல்லாம் பச்சைத் திரைதான். பூவோட மூக்குமேல போய் நின்னு எடுக்கணும்."

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கிட்டப் பார்ப்பது என்றால் அது நம்ம வேலை. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு ஜரிகை இருக்கும். சந்தேகப்படுகிற வாடிக்கையாளருக்கு அதைச் சுரண்டிக் காட்டுவோம். வெள்ளிக்கம்பியைச் சிவப்புப் பட்டு நூலின்மேல் சுற்றிப் பொன்முலாம் பூசியது நல்ல ஜரிகை. சுற்றின் இடுக்கில் அந்தச் சிவப்பு ஒரு கோடாகத் தெரியும்.

ஜரிகையை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தேன். இதை எடுத்துக் காட்டுங்கள் என்றேன். சோப்புக்கட்டியில் மஞ்சளாக ஒரு கலங்கல்தான் தெரிந்தது. விற்பனையாளர் உறை போடுகிற கேமராவைக் கையில் எடுத்து, அதில் பூ படம் போட்ட ஒரு பொத்தானை அமுக்கினார். அந்தப் பூவை நான் அழகுக்குப் போட்ட புட்டா என்று நினைத்திருந்தேன். கிட்டத்தில் எடுக்க அதுதான் வழியாம். அதிலும் டியூப் லைட் வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. நான் கேமராவையும் ஜரிகையையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். விற்பனையாளர் சாது முகத்தைத் தொலைத்துவிட்டு, "சார், சார்" என்று பின்னாலேயே ஓடி வந்தார். திருடன் என்று நினைத்திருப்பார். நடைபாதை வெயிலில் ஜரிகையை என் உள்ளங்கையில் வைத்து, லென்ஸ் மோதுகிற அளவுக்குக் கிட்டக் கொண்டுபோய் எடுக்கச் சொன்னேன்.

திரையில் ஜரிகை கயிறு மாதிரி தெரிந்தது. ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாக. இடுக்கில் சிவப்புக் கோடு. என் ரேகைகூட வாய்க்கால் வெட்டிய வயல் மாதிரி இருந்தது. "இது ஒரிஜினலா சார்?" என்று விற்பனையாளர் கேட்டார். கேமராவைக் கேட்கவில்லை, ஜரிகையை. தன் தங்கை கல்யாணத்துக்கு எங்கள் கடைக்குத்தான் வருவதாகவும் சொன்னார். கடைசியில் நான் வாங்கியது, உறை போட்டு நாற்பது மீட்டர் போகிற அந்தக் கேமராவைத்தான். நான் கடைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் எடுத்து வைத்ததும் அதுவேதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உறையைக் கட்டித் தரும்போது அதன் விளிம்பில் இருந்த கறுப்பு ரப்பர் வளையத்தைக் காட்டினார். இதன்மேல் ஒரு முடி விழுந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும், முதல்முறை கேமராவை வைக்காமல் உள்ளே வெறும் காகிதம் வைத்து முக்கிப் பாருங்கள் என்றார். தலையாட்டினேன். புடவையைத் தண்ணீரில் நனைக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லும்போது வாடிக்கையாளர்கள் ஆட்டுவார்களே, அதே தலையாட்டல்.

வீட்டில் என் புத்தி வேலை செய்தது. காகிதம் நனைந்தால் சத்தமில்லாமல் நனையும். புதுசாய்ச் சாயம் போட்டு இன்னும் அலசாத பட்டு நூல் என்றால், ஒரு சொட்டு பட்டாலும் சிவப்பைக் கக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். காஞ்சிபுரத்துக்காரனுக்குத் தவிர வேறு யாருக்கு இந்த யோசனை வரும்? அரக்கு நிறத்தில் சிட்டம் என்கிற சின்ன நூல்கட்டு ஒன்றை உறைக்குள் வைத்துப் பூட்டி, பக்கெட் தண்ணீரில் முக்கி, மேலே அம்மிக்குழவியை வைத்துவிட்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கெட் தண்ணீர் ரோஸ் ஆனது. பிறகு சிவப்பானது.

அதன் பிறகு நான் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐயோ என்றேன். அந்த விற்பனையாளரின் தங்கைக்குக் கல்யாணமே ஆகக்கூடாது என்று சபித்தேன். உறையைத் துண்டில் சுற்றி, சட்டையை மாட்டி, கடை மூடுவதற்குள் சென்னைக்குப் போய்ச் சேர முடியுமா என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு செருப்பைப் போட்டேன். வாசலில் மனைவி பள்ளியிலிருந்து வந்து நின்றாள். இடது காலில் என் செருப்பும் வலது காலில் அவளுடைய வீட்டுச் செருப்பும் இருப்பதைப் பார்த்து, என்னவோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டாள்.

துண்டை வாங்கிப் பிரித்தாள். உறையைச் சுற்றிப் பார்த்தாள். மூடியின் இடுக்கிலிருந்து ஒரு சிவப்பு நூல், விளக்குத் திரி மாதிரி, வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நுனி உள்ளே சிட்டத்தில், மறு நுனி வெளியே தண்ணீரில், நடுவில் ரப்பர் வளையம். அதைப் பிடித்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"தண்ணி உள்ள போக நீங்களே வாய்க்கா வெட்டி வெச்சிருக்கீங்க" என்றாள்.

வளையத்தைத் துடைத்து, ஊதி, உள்ளே நாலாக மடித்த செய்தித்தாளை வைத்து அவளே மூடி முக்கினாள். இரவுச் சாப்பாடு முடிந்து எடுத்தபோது காகிதம் மொரமொரவென்று இருந்தது. இனிமேல் கடைச் சட்டையோடு அந்த உறைப் பக்கம் வரக்கூடாது என்று எனக்கு உத்தரவு. என் கடைச் சட்டை மேல் எப்போதும் ஏதாவது ஒரு பட்டுப் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும், உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, உச்சி வெயிலில் தாமல் ஏரிக்கரையில் நின்றோம். அவள் தம்பி ஒரு லாரி டியூபைக் காற்றடித்துக் கொண்டுவந்திருந்தான். அது யாருக்கு என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் மாமா" என்றான். அவள் பழைய சுடிதாரில், நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு, உறை போட்ட கேமராவை மணிக்கட்டில் கட்டி இறங்கினாள். கொஞ்ச தூரம் நடந்தாள், மார்பளவு வந்ததும் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு முங்கினாள். ஏரி மூடிக்கொண்டது. ஒரு சலனமும் இல்லை. சண்டையே போடாமல் அவள் இப்படி என் கண்முன்னாலேயே மறைந்து போனது அதுதான் முதல் தடவை.

எழுந்து வந்தாள், மறுபடி முங்கினாள். இப்படிச் சில தடவை. அப்புறம் ஒரு தடவை முங்கியவள் வரவேயில்லை. நான் மச்சானைப் பார்த்தேன். அவன் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். இன்னும் வரவில்லை. நாற்பது மீட்டரா நாலு மீட்டரா என்பதெல்லாம் மறந்துபோனது. சட்டைப் பையில் செல்போன், காலில் செருப்பு, எதையும் கழற்றவில்லை. ஏரியில் பாய்ந்தேன். பாய்ந்தேன் என்பது நான் சொல்வது. வழுக்கி விழுந்தான் என்பது மச்சான் சொல்வது. கையையும் காலையும் அடித்து, எழுந்து, மறுபடி விழுந்து, அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே போனேன்.

அவள் நிதானமாக எழுந்து நின்றாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"எதுக்கு எறங்கினீங்க?"

"நீ மேல வரலியே."

"பூ மேல வந்துக்கினு இருந்தது. மூச்ச அடக்கிக்கினு பாத்துக்கினு இருந்தேன். இப்ப பாருங்க."

பார்த்தேன். நான் கிளப்பிய சேறு பால் ஊற்றிய டீ மாதிரி என்னைத் தாண்டி அவளையும் சுற்றிக்கொண்டு போனது. பூவும் தெரியவில்லை, அவள் காலும் தெரியவில்லை. கரையிலிருந்து மச்சான், "மாமா, நீங்க நிக்கிற எடத்துல எங்க எருமைகூட உக்காந்தாத்தான் முதுகு நனையும்" என்றான். அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வருஷக்கணக்கில் காத்திருந்த தண்ணீரை ஒரு நிமிஷத்தில் கலக்கிவிட்டேன்.

ஈரச் சட்டையோடு கரையேறி, சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். அவள் காற்று வீசும் பக்கம் பார்த்து, சேறு போகாத திசையில் வெகுதூரம் தள்ளிப் போய் வேறொரு பாசித் திட்டைத் தேடிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, எடுத்தவரைக்கும் காட்டினாள். துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு இருவரும் திரையைப் பார்த்தோம். ஒவ்வொரு படத்திலும் வெள்ளைப் புள்ளிகள், பனி பெய்வது மாதிரி. பிளாஷ் அடிக்க அடிக்கத் தண்ணீரிலிருக்கும் தூசியெல்லாம் மின்னியிருக்கிறது. செடி பின்னால் எங்கேயோ மங்கலாக நின்றது. அவள் உதடு இறுகியது.

என் வாழ்நாளில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. "டியூப் லைட்ட நம்பாத. பிளாஷ அணைச்சிட்டு வெயில்ல பாரு" என்றேன். "வெயில் உச்சியில இருக்குது. நேரா எறங்கும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சொன்னது சரியாக இருக்குமோ என்கிற சந்தேகம் அந்தப் பார்வையில் இருந்தது. பிளாஷை அணைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். இந்த முறை எவ்வளவு நேரம் முங்கினாலும் நான் அசையவில்லை. லாரி டியூபைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் கொண்டுவந்த படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கீழேயிருந்து மேலே பார்த்து எடுத்தது. வெயில் தண்ணீருக்குள் கம்பி கம்பியாக இறங்குகிறது. மேல்மட்டத்தில் அரிசி அளவு ஒரு பூ, தன்னைச் சுற்றிக் குழி விழுந்த தண்ணீரில் மிதக்கிறது. பக்கத்தில் மாவு தூவியது போல ஆண் பூக்கள். அடுத்த படத்தில் வேலை முடிந்த ஒரு காம்பு, ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகத் தெரிய, இறுக்கமாகச் சுருண்டு காயைக் கீழே இழுக்கிறது. நான் ஜரிகையில் பார்த்த சுற்றுக்கு இது கொஞ்சமும் குறைவில்லை. இதை எந்தப் பட்டறையிலும் யாரும் சுற்றவில்லை. மச்சான்கூட வேர்க்கடலையை நிறுத்திவிட்டு, "நம்ம பாசியா இது?" என்றான். அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவோ நானே சுருண்டு காய்த்தது மாதிரி ஒரு பெருமை.

படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அவள் வகுப்புக்கு எடுத்துப் போனாள். அங்கே என்ன நடந்தது என்று எத்தனை முறை கேட்டும் அவள் விவரமாகச் சொல்லவில்லை. பாத்தாங்க, எழுதிக்கினாங்க, அவ்வளவுதான் என்றாள். கடைசி பெஞ்ச் என்ன சொன்னது என்றேன். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து கிட்ட வந்து பார்த்தது என்றாள்.

மாசி முகூர்த்தம் நெருங்கிய ஒரு நாள் கடைக்கு ஒரு குடும்பம் வந்தது. பெரிய பெண்ணுக்குக் கல்யாணம். கூட வந்த சின்னப் பெண் என் மனைவியின் பள்ளிச் சீருடையிலேயே இருந்தாள். நான் புடவைகளை விரித்துக்கொண்டிருக்கையில் அவள், பள்ளி வாசலில் என்னைப் பார்த்திருப்பாள் போல, என்னையே உற்றுப் பார்த்துவிட்டு அம்மாவின் காதில் என்னவோ சொன்னாள். அம்மா புடவையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏரியில தண்ணியக் கலக்கினது நீங்கதானாமே?"

பக்கத்துப் பாயில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். யாரும்மா சொன்னது என்று கேட்டேன்.

"எங்க டீச்சருதான். போட்டோ காட்டும்போது எல்லாத்தையும் சொன்னாங்க" என்றாள் சின்னவள்.

மறுத்திருக்கலாம். மறுத்தால் யார் பேச்சு எடுபடும் என்று யோசித்தேன், டீச்சர் பேச்சுதான். அந்த யோசனையிலேயே மனது நிறைந்துபோனது. ஆமாம்மா, நான்தான் என்று எழுந்து நின்று, ஆபத்தின் அளவு அவர்களுக்கும் புரியட்டும் என்று, தண்ணீர் எவ்வளவு இருந்தது என்பதை இடுப்பில் கைவைத்துக் காட்டினேன்.

"இல்லியே சார். முட்டிங்கால் அளவுன்னுதான் டீச்சர் சொன்னாங்க" என்றாள் அந்தப் பெண்.

கையை முழங்காலுக்கு இறக்கினேன்.